1946-ல் காணாமல்போன பேஸ்பால் வீரர்: துப்பறியும் கதைக்கு நம்பத்தகுந்த காரணமும் தடயமும்

கேள்வி: 1940-களின் அமெரிக்கா, தனியார் துப்பறிவாளர், திடீரென மறைந்த பிட்சர் (பேஸ்பாலில் பந்து எறிபவர்). கதை நம்பும்படி இருக்க என்ன வேண்டும்?

முதலில் அவர் மறைந்ததற்கான காரணம். சூதாட்டக் கும்பல் வேண்டாம், அது பழகித் தேய்ந்தது. 1946-ஐ எடுங்கள். அன்றைய ஒப்பந்தப்படி வீரர் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. அந்த ஆண்டு மெக்சிகோ லீக் பெரும் பணம் காட்டி அமெரிக்க வீரர்களை இழுத்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் மேக்ஸ் லேனியர் அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, தோல்வியே இல்லை என்ற நிலையில் மே மாதம் கிளம்பிவிட்டார். போனவர்களுக்கு ஐந்தாண்டுத் தடை; அது முடியும் முன்பே 1949-ல் நீக்கப்பட்டது. ரகசியமாகக் கிளம்ப இதைவிட வலுவான காரணம் கிடைக்காது.

தடயத்துக்கு ஷூவைப் பாருங்கள். பந்தை எறிந்ததும் பிட்சரின் பின்னங்கால் மண்ணில் இழுபடும். அதனால் அந்தக் காலின் ஷூ நுனி தேயாமல் இருக்கத் தகடு பொருத்துவார்கள். வலது கையால் எறிபவருக்கு வலது ஷூவில், இடது கைக்காரருக்கு இடதில். ஆற்றங்கரையில் கிடைத்தது இடது ஷூ, அதன் நுனியில் தகடு இருக்கிறது, தேடப்படுபவரோ வலது கைக்காரர் என்றால், ஷூ அவருடையதல்ல என்று துப்பறிவாளர் அங்கேயே சொல்லிவிடலாம். இதை முன்பே ஓர் ஆட்டக் காட்சியில் வாசகர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்று வேலையாகிவிடும்.

பலர் சறுக்கும் இடம் ஊர். டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடத் தொடங்கியது 1958-ல். சிகாகோவின் ரிக்லி மைதானத்துக்கு விளக்கு வந்ததே 1988-ல். அங்கே இரவு ஆட்டம் எழுதாதீர்கள்.