டயல்-அப் காலத்தில் சாட்டில் '+++ஏடிஎச்0' என்று அடித்தால் நெட் கட் ஆகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கேட்கிற விதத்தைப் பார்த்தால் நீங்கள் மோடம் (போன் லைன் வழியாக நெட்டைக் கொண்டுவரும் பெட்டி) கத்துகிற சத்தமே கேட்டிருக்க மாட்டீர்கள். நான் இதனால் ஒரு மாதம் நாய்படாத பாடு பட்டவன்.

2001-ல் வடசென்னை கொருக்குப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு சிஸ்டம், ஒரே மோடம், ஒரே போன் லைன். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் லைன் விழுந்துகொண்டே இருக்கும். உப்புக் காற்றில் ஒயர் ஜாயின்ட் பச்சை பூத்திருக்கும் என்று லைன்மேனைக் கூப்பிட்டேன். மேல்வீட்டு ஆயா பேரலல் போனை எடுக்கிறார் என்று சண்டைக்குப் போனேன். (பாவம், அவரிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.) மோடத்தைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனால் வழியில் ரயில்வே கேட். ஒரு கூட்ஸ் போய் இன்னொரு கூட்ஸ் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். பிரசவ வலி எடுத்தாலும் எங்களுக்கு அதே கேட்தான். அடையாறில் இப்படி இருந்திருந்தால் பாலம் எப்போதோ வந்திருக்கும். சரி, அதை விடுங்கள்.

ஆறு மணிக்குத் தவறாமல் வருவான் ஒரு பாலிடெக்னிக் தம்பி. ஒருநாள் அவன் பின்னால் நின்று பார்த்தேன். சாட்டில் எவனோடோ வாய்த்தகராறு. மூன்று பிளஸ், ஒட்டினாற்போல் ஏடிஎச், சைபர், எண்டர். மோடத்தில் லைன் இணைந்திருப்பதைக் காட்டும் சிடி விளக்கு அணைந்தது.

"அவன கட் பண்ணிட்டேண்ணா! பாரு, பதிலே இல்ல!"

பதில் எப்படி வரும், கட் ஆனது எங்கள் லைன்!

விஷயம் இதுதான். மூன்று பிளஸ் வந்தால் மோடம் பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டளைக்குக் காது கொடுக்கும். ஏடிஎச் என்றால் போனை வை. டேட்டாவுக்குள் தற்செயலாக வந்து தொலைக்கக் கூடாதென்று, பிளஸ்ஸுக்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி மௌனம் வேண்டும் என்று, இந்தக் கட்டளைகளை உருவாக்கிய ஹேய்ஸ் என்ற மோடம் கம்பெனி வைத்திருந்தது. அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தது. காசு கட்ட மனசில்லாத சில கம்பெனிகள் அந்த மௌனத்தையே தூக்கிவிட்டன. அப்படிப்பட்ட மலிவு மோடம்தான் என்னுடையது. தன் கம்ப்யூட்டர் வெளியே அனுப்புவதைத்தான் மோடம் கட்டளையாகப் பார்க்கும், உள்ளே வருவதை அல்ல. அதனால் எதிராளிக்கு ஒன்றும் ஆகாது. அதே எழுத்துகளை பிங்கில் (வந்ததை அப்படியே திருப்பி அனுப்பவைக்கும் சோதனைச் செய்தி) வைத்து அனுப்பி, எதிராளியின் கம்ப்யூட்டரையே திருப்பிச் சொல்லவைத்துக் கட் பண்ணியவர்களும் உண்டு, தம்பிக்கு அவ்வளவு தெரியாது.

"எங்கள் மோடத்தில் இப்படி ஆனதே இல்லை" என்று யாராவது கமென்டில் வருவீர்கள். உங்களுடையது நல்ல மோடம், அவ்வளவுதான். எல்லா மோடத்தையும் நான் சொல்லவில்லை.

விண்டோஸ் 98-ல் மோடம் பிராபர்ட்டீஸ், கனெக்‌ஷன், அட்வான்ஸ்டு போய் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸில் எஸ்2=255 என்று போட்டேன். எந்த எழுத்து மூன்று முறை வந்தால் காது கொடுக்க வேண்டும் என்பதை மோடம் எஸ்2-ல்தான் எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். பிளஸ்ஸின் எண் 43. 127-க்கு மேல் எதைக் கொடுத்தாலும் அந்த வழியே அடைபட்டுவிடும்.

மறுநாள் தம்பி அடித்துப் பார்த்தான். இரண்டு தடவை, மூன்று தடவை. அப்புறம் திரும்பி, "அண்ணா, அவன் நல்ல மோடம் வாங்கிட்டான் போல" என்றான்.