சபையை விட்டுப் போகலாமா? அண்ணாச்சியிடம் கேளுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். கேளுங்கள். கோர்ட் கேஸ் மட்டும் வேண்டாம், அதற்கு வக்கீல் இருக்கிறார்.

அண்ணாச்சி, எங்கள் சபையில் இரண்டு அணி. போன மாதம் ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கைகலப்பு. பேசாமல் பக்கத்து ஜெபவீட்டுக்குப் போய்விடவா?

போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். அதற்கு முன்னால் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். பவுல் அணி, அப்பொல்லோ அணி, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடும் இன்னொருவன் குடிவெறியோடும். இத்தனைக்கும் பவுல் அவர்களை 'தேவனுடைய சபை' என்றுதான் கூப்பிடுகிறார்.

எங்கள் ஊர்ச் சபைத் தேர்தலில் 11 ஓட்டில் என்னைத் தோற்கடித்தவரோடு இரண்டு வருஷம் பேச்சில்லை. அசனத்துக்கு, அதான் சபை விருந்துக்கு, முந்தின ராத்திரி நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், அவர் அண்டாவில் துடுப்பு போடுகிறார். திடீரென்று "உப்பு பாரும்" என்று ஒரு சொட்டு குழம்பை என் உள்ளங்கையில் ஊற்றினார். நல்ல சூடு. உப்பு கூடத்தான் இருந்தது, சொன்னேன், அவர் நம்பவில்லை. ஆனாலும் பேச்சு வந்துவிட்டது. புது இடத்தில் இப்படி ஒரு ஆள் கிடைக்க உங்களுக்கு இருபது வருஷம் ஆகும்.

சங்க வரியை, அதாவது சபைச் சந்தாவை, கட்டுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது இல்லாவிட்டால் ஓட்டும் இல்லை, கேள்வி கேட்க வாயும் இல்லை.

எங்கள் சபை ஐயர் (போதகர்) நடத்தை சரியில்லை. அவர் கொடுக்கிற திருவிருந்து செல்லுமா?

செல்லும். பழங்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர்கள் என்ற கூட்டத்தார் இதைக் கேட்டுத்தான் பிரிந்தார்கள், அங்கே பிஷப்பாக இருந்த அகஸ்தீன் அவர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரிவுகளில் 26ஆவது இதற்கென்றே எழுதியது. அதே பிரிவு, தப்பு செய்கிற ஊழியரை விசாரித்து நீக்கவும் சொல்கிறது. அதை மட்டும் யாரும் வாசிப்பதில்லை.

லூத்தரே ரோமச் சபையை விட்டு வெளியே வந்தவர்தானே?

வரவில்லை, 1521இல் போப் வெளியே தள்ளினார்.

அப்போ நம் திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ்? நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அவர் பின்னால் போகவில்லையா?

நல்ல பிடி! 1835இல் அவரை அனுப்பின சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கம் அவரை நீக்கியது. வெளியே போனவர் திருநெல்வேலிக்கே திரும்பி வந்து தனியாக நடத்தினார், சபை இரண்டாகக் கிழிந்தது. 1838இல் அவர் இறந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள்.

மிஷனரிகளோடு மோதி 1857இல் பிரிந்த சட்டம்பிள்ளை திரும்பவில்லையே அண்ணாச்சி! மிஷனரி ஆணவத்தைச் சகிக்கவா சொல்கிறீர்கள்?

சகிக்கச் சொல்லவில்லை. அவர் கோபம் நியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரகாசபுரத்தில் அவர் தொடங்கின சபை இன்றும் சின்னதாகத்தான் இருக்கிறது. நீங்கள் "சின்னதென்றால் பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். சரி, இந்த ஒன்றில் நீங்கள் ஜெயித்தீர்கள்.

எங்கள் சபையிலும் தேர்தல் சண்டை...

மேலே பாருங்கள்.

தேர்தலில் தோற்றவர்கள் வரி...

மேலே, மேலே.

ஞாயிறு பள்ளியில் ஒருவர் பிள்ளைகளிடம் தப்பாக நடக்கிறார். சபை பெயர் கெடும், பொறு என்கிறார்கள்.

பொறுக்காதீர்கள். இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், போலீசில் சொல்லுங்கள், பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள். நான் மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது.

சங்க ரசீது தொலைந்துவிட்டது அண்ணாச்சி.

சொன்னேனா இல்லையா! அடிக்கட்டை பொருளாளரிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேளுங்கள்.