கூடவே வாசித்தவர் இறந்த பிறகு, பாட்டெழுதிப் பாடுபவரால் தனியாக நிற்க முடியுமா?

முடியும். பொழுதுபோகாமல் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. உங்கள் குழுவிலும் ஒருவர் போய்விட்டார் என்று நினைத்தே எழுதுகிறேன், தப்பென்றால் மன்னியுங்கள்.

எனக்குப் போனவன் கீபோர்டுக்காரன். 17 வருடப் பழக்கம். எழுதுவதும் பாடுவதும் நான், முன்னிசை முழுக்க அவன். முன்னிசை முடிந்து பாட்டை எடுக்க வேண்டிய இடத்தில், அந்த எடுப்பில், நான் எப்போதும் கோட்டை விடுவேன். அவன் புருவத்தைத் தூக்குவான், உடனே பிடித்துக்கொள்வேன். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவன் காரியம் முடிந்த மூன்றாம் வாரம் ஒரு கோயில் கச்சேரி. அட்வான்ஸ் வாங்கியாயிற்று, போகாமல் முடியாது. வேறொரு பையனை உட்கார வைத்தேன். போனவன் வாசித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டுப் பழகி வந்திருந்தான், பாவம். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் திரும்பினேன். பையன் குனிந்து கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், பல்லவி போய்விட்டது.

அப்புறம்தான் ஆல்மன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் கிரெக் ஆல்மன் கதையை ஒழுங்காகப் படித்தேன். அமெரிக்காவில் மேக்கன் என்ற ஊரில் 1971 அக்டோபர் 29 அன்று அவருடைய அண்ணன் டுவேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். குழுவின் கிடார் கலைஞர், வயது 24. மறு வருடமே பேஸ் கிடார் வாசித்த பெர்ரி ஓக்லியும் அதே ஊரில், அதே வயதில், அதே மாதிரி விபத்தில். கிரெக் குழுவை விடவில்லை. ஆனால் 1973இல் தனி ஆல்பமும் போட்டார். குழுவோடு 1970இல் பாடிய தன் பாட்டையே அதில் வேகம் குறைத்து, வேறு வாத்தியச் சேர்க்கையில் திரும்பப் பாடினார். அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு வெற்றிப் பாடல் பட்டியலில் 19ஆம் இடம் வரை போனது. 1974இல் ஊர் ஊராகப் போனபோது பின்னால் ஒரு வயலின் படையையே உட்கார வைத்திருந்தார்.

‘அவர் எங்கே, நீ எங்கே’ என்று ஆரம்பிக்காதீர்கள், எனக்கே தெரியும். அவருடைய போதைப் பழக்கத்தை ஏன் எழுதவில்லை என்றும் கேட்பீர்கள். கேள்வி அதுவல்ல.

நான் கீபோர்டையே எடுத்துவிட்டேன். சுருதிப்பெட்டி, ஒரு கஞ்சிரா, அவ்வளவுதான். முன்னிசையே இல்லாதபோது எடுப்பைத் தவறவிட வழியில்லை பாருங்கள். பழைய பாட்டுகளை ஒரு கட்டை இறக்கி, நிதானமாகப் பாடுகிறேன். சில பேர் எழுந்து போகிறார்கள், போகட்டும்.

ஆனால் ஒன்று. ‘ஆள் குறைந்துவிட்டதே’ என்று பேசிய தொகையில் 4,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டது ஒரு விழாக் கமிட்டி. பாட்டு குறைந்ததா? மூன்று மணி நேரம் பாடினேன். பந்தலுக்கும் சீரியல் லைட்டுக்கும் பேரம் பேசாத ஆட்கள். போன் செய்தால் இன்றுவரை எடுப்பதில்லை.