பால்பல் போன இடம்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சொத்தை முற்றிப்போய், கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைசிப் பால்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது கம்பி போட வேண்டும் என்கிறார் டாக்டர். பல் எப்படியும் முளைக்கும்தானே, 12 வயதில் பார்த்துக்கொண்டால் போதாதா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அவர் சொல்வது பல்லை நகர்த்தும் கம்பி அல்ல, நகரவிடாத கம்பி. பிடுங்கிய பல்லுக்குப் பின்னால் நிற்பது ஆறு வயதில் முளைத்த நிரந்தரக் கடைவாய்ப்பல். முன்னால் தாங்கல் போனதும் அது முன்பக்கமாகச் சாயத் தொடங்கும். இழக்கும் இடத்தில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்திலேயே போய்விடும். அங்கே வரவேண்டிய பல்லோ 11, 12 வயதில்தான் வரும். இடம் இல்லாவிட்டால் எலும்புக்குள்ளேயே சிக்கும், அல்லது நாக்குப் பக்கம் கோணி முளைக்கும். அப்புறம் வரிசைப்படுத்த ஒரு நல்ல பல்லையே பலி கொடுக்க நேரலாம்.

முதலில் எக்ஸ்ரே எடுங்கள். சில பிள்ளைகளுக்கு அடியில் அந்தப் பல்லே உருவாகியிருக்காது. அப்படியானால் திட்டமே வேறு. அடிப்பல் மேலே வரும் தறுவாயில் இருந்தால் கம்பியே வேண்டாம். எட்டு வயதில் அப்படி இருப்பது அபூர்வம்.

பொருத்த இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். பல்லிடுக்கில் சின்ன ரப்பர் வளையங்களைச் செருகி, சில நாள் கழித்து இரு கடைவாய்ப்பற்களுக்கும் உலோகப் பட்டை அளந்து, அச்செடுப்பார்கள். பட்டைகளை இணைக்கும் கம்பி முன்பற்களின் உட்புறம் ஓடும். பிறகு சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். கெடுவது பெரும்பாலும் அந்த சிமெண்ட்தான்: அது கரைந்த இடத்தில் உணவு புகுந்து, பட்டைக்கு அடியிலேயே சொத்தை வரும். டோடோல், டாஃபி, ஐஸ் கடிப்பது மூன்றையும் நிறுத்துங்கள். பட்டை ஆடினால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். புதுப்பல் எட்டிப் பார்த்ததும் கழற்றிவிடலாம்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. மேல்வரிசைப் பால் கோரைப்பற்கள் இரண்டையும் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை. உடனே பிரேசஸ் போடலாமா?
– வாசகர், பிறை

பதில்: நிரந்தரக் கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருந்தால், வழிவிடுவதற்காகப் பால்பல்லை எடுப்பார்கள். பலன் தெரிய ஒரு வருடம்வரை ஆகலாம். நான்கு மாதம் போதாது. ஆறாவது மாதத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு வருடமாகியும் நகரவில்லை என்றால், ஈறைத் திறந்து பல்லில் சிறு சங்கிலி ஒட்டி, பிரேசஸால் மெல்ல இழுப்பார்கள். அதுவரை இடம் அடைபடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அரசாங்க பல் கிளினிக்கில் நிபுணருக்கான பரிந்துரைக் கடிதத்தை இப்போதே கேளுங்கள், வரிசை நீளம். மலிவாக வீட்டுக்கே வந்து பிரேசஸ் மாட்டுகிறவர்களிடம் போகாதீர்கள்: பதிவில்லாமல் அதைச் செய்வது சட்டப்படி குற்றம், எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் மறைந்திருக்கும் கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அரித்துக்கொண்டிருப்பதுகூட யாருக்கும் தெரியாது.