அப்ளை அழுத்துமுன் பட்டியலைப் படியுங்கள்: லினக்ஸ் கேள்வி-பதில்

பாளையங்கோட்டை வாசகர்: உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன் அண்ணாச்சி. சினாப்டிக்கைக் காணோமே, எடுத்துவிட்டார்களா?

சினாப்டிக் என்பது மென்பொருள் தொகுப்புகளைத் தேடி நிறுவவும் நீக்கவும் உதவும் கருவி. 2011-இல் வந்த 11.10 பதிப்பிலிருந்தே உபுண்டுவோடு அது கூட வருவதில்லை. ஆனால் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தில் இன்றும் இருக்கிறது. உபுண்டுவின் மென்பொருள் கடையான ஆப் சென்டரில் தேடினால் ஸ்னாப் என்ற வேறு வகைத் தொகுப்புதான் முன்னால் வந்து நிற்கும். வடிகட்டியை டெபியன் தொகுப்புக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள், கிடைக்கும்.

ஆலங்குளம் வாசகர்: லினக்ஸில் எந்த சாஃப்ட்வேரும் ஏறமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன? ஒன்றுகூட எழுதவில்லை. மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். இதை எத்தனை முறைதான் சொல்வது!

வள்ளியூர் வாசகர்: லினக்ஸ் மின்டில் சாஃப்ட்வேர் மேனேஜர், சினாப்டிக் இரண்டும் இருக்கின்றன. எதைப் பயன்படுத்த?

படம் பார்த்து, மதிப்பீடு படித்து ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்க சாஃப்ட்வேர் மேனேஜர். எழுத்துரு, நூலகம், டிரைவர் என்றால் சினாப்டிக். அதில் ‘ஃபான்ட்ஸ்-தமிழ்’ என்றால் ஒன்றும் வராது. லோகித் என்று தேடினால் தமிழ் எழுத்துரு தனித் தொகுப்பாக வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒன்று வேலை செய்யும்போது தொகுப்புத் தரவுத்தளத்தைப் பூட்டி வைத்திருக்கும். மற்றது பிழை காட்டத்தான் செய்யும். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், முதல் வேலை முடியட்டும்.

திருநெல்வேலி டவுன் வாசகர்: டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு வீடியோவைப் பார்த்து உபுண்டு 22.04-இல் நாலைந்து பிபிஏ (வெளியார் களஞ்சியம்) சேர்த்து, சினாப்டிக்கில் அப்ளை கொடுத்தேன். மறுபடி போட்டால் கறுப்புத் திரைதான். கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

முதலில் பதறாதீர்கள். உங்கள் கோப்புகள் ஹோம் அடைவில் பத்திரமாகத்தான் இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். உள்ளே நுழைந்து, பிபிஏ-பர்ஜ் என்ற கருவியால் சேர்த்த பிபிஏக்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். அது ஏற்றிய தொகுப்புகளைப் பழையபடி உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கிவிடும். அப்புறம் உபுண்டு-டெஸ்க்டாப் தொகுப்பை நிறுவுங்கள். திரை திரும்பியதும் சினாப்டிக்கின் ஃபைல் மெனுவில் ஹிஸ்டரியைத் திறந்தால், அன்றைக்கு என்னென்ன போயிற்று என்று தேதியோடு இருக்கும். விட்டுப்போனதைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம்.

இனி என் ஆதங்கம். பிபிஏ என்பது தனிநபர் களஞ்சியம். லாஞ்ச்பேட் என்ற உபுண்டுவின் இணையதளத்தில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் ஒன்று தொடங்கலாம். அதில் உள்ளதை உபுண்டுக்காரர்கள் சரிபார்ப்பதில்லை. அதிலிருக்கும் புதிய நூலகம் டெஸ்க்டாப் நம்பியிருக்கும் நூலகத்தோடு முட்டும்போது, டெஸ்க்டாப்பையே கழற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்று, சினாப்டிக்குக்குப் பின்னால் தொகுப்புகளை நிறுவும் ஏபிடி கணக்குப் போடும். ஆனால் சொல்லாமல் செய்யாது! அப்ளை கொடுத்ததும் ஒரு சிறு ஜன்னல் வந்து, நீக்கப்படுபவை எவை என்று தனியாகக் காட்டுகிறது. அங்கே ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ என்றோ ‘ஜினோம்-ஷெல்’ என்றோ ஒரு பெயர் இருந்தால் கேன்சல் கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போன ஒரு பிரபல யூடியூபருக்கும் இதே கதிதான். எச்சரிக்கை வந்தும் படிக்காமல் சம்மதம் கொடுத்தார், டெஸ்க்டாப் போயே போய்விட்டது. பிழைப்பே கணினியில் நடக்கிறவர்கள் வீடியோக்காரர் சொன்னார் என்று களஞ்சியம் சேர்ப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. பட்டியலைப் படியுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது.

களக்காடு வாசகர்: வீட்டுக் கணினிக்கு நெட் இல்லை. சினாப்டிக் உதவுமா?

நன்றாகவே உதவும். வேண்டியதைக் குறித்துவிட்டு, ஃபைல் மெனுவில் தொகுப்புகளைப் பதிவிறக்கும் ஸ்கிரிப்ட்டை உருவாக்குங்கள். சார்ந்த தொகுப்புகளின் முகவரிகளும் அதில் சேர்ந்தே இருக்கும். பென்டிரைவில் கொண்டுபோய், நெட் உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் ஓட்டி இறக்கி வந்து, அதே மெனுவில் இறக்கியவற்றைச் சேர்க்கும் வழியாக ஏற்றுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. இப்போது சினாப்டிக் திறந்தாலே பிழை.

அந்தப் பிழையிலேயே ஒரு கட்டளை வரி இருக்கும். அதை அப்படியே டெர்மினலில் அடியுங்கள். பிறகு எடிட் மெனுவில் உடைந்த தொகுப்புகளைச் சரிசெய்யக் கொடுங்கள். அடுத்த முறை யுபிஎஸ் இல்லாமல் பெரிய அப்டேட்டில் கைவைக்காதீர்கள்.

தென்காசி வாசகர்: மஞ்சாரோ லினக்ஸுக்கு சினாப்டிக் உண்டா?

கிடையாது. அங்கே பமாக். கேடிஈ டெஸ்க்டாப் உள்ள லினக்ஸ் எதுவாக இருந்தாலும் டிஸ்கவர் என்ற கருவியையும் பாருங்கள்.

சங்கரன்கோவில் வாசகர்: பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதிலேயே புது மென்பொருள் ஏற்றலாமா?

பாஸும் உபுண்டுவைப் போலவே டெபியன் லினக்ஸின் வழி வந்ததுதான், சினாப்டிக் ஓடும். ஆனால் அந்தக் காலத்துப் பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது. 2 ஜிபி ரேம் இருந்தால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், சினாப்டிக் கூடவே வந்துவிடும். போடுமுன் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள்.