புதிய கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன்கள் இறந்தது குறித்து

வணக்கம். சென்னையில் 100 லிட்டர் தொட்டியில் உப்பு கலந்த மறுநாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டதாகவும், உப்பளவு (ஒப்படர்த்தியில்) 1.025 எனச் சரியாக இருந்தும் அவை நான்காம் நாள் இறந்ததாகவும், அம்மோனியா 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி எண்தான் காரணம் என்று கருதுகிறேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கடல்நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8க்கு மேல் இருப்பதால் அங்கே அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுதல்.

ஆகவே இப்போதைக்கு வேறு மீன் வாங்காதீர்கள். வடிகட்டியை நிறுத்தாமல் ஓடவிட்டு, பாக்டீரியாக்களுக்கு அம்மோனியா கிடைக்க அவ்வப்போது ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு, அப்படிப் போட்ட பிறகும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகவே நிற்கும் வரை காத்திருங்கள்.

ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்ஓ நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை என்பதால், உப்புநீரை ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்விப்பவராயின் இதைத் தினமும் கவனியுங்கள்.

கடைக்காரர் பவளத் துண்டு கொடுத்தால் வாங்க வேண்டாம்; கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பாக்டீரியாக்கள் தங்கி வளர செராமிக் கற்களே போதும்.