மாத்திரையை நிறுத்திவிட்டு அக்குபங்சருக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு ஆண்டுகளாகக் காரணம் தெரியாத பதற்றமும் நெஞ்சுப் படபடப்பும் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எட்டு மாதங்களாகப் பதற்றத்துக்குச் செர்ட்ராலின் என்ற மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் எடுத்துவருகிறேன். பன்னிரண்டு முறை ஊசி வைத்துக்கொண்டு, சீன மூலிகைக் கஷாயமும் குடித்தால் போதும், மாத்திரைகளை இன்றே நிறுத்திவிடலாம் என்கிறார் ஒரு சிகிச்சையாளர். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: ஊசி வைத்துக்கொள்ளலாம். கஷாயம் உங்களுக்கு வேண்டாம். மாத்திரையை இன்றே நிறுத்துவது கூடவே கூடாது.

செர்ட்ராலினைத் திடீரென நிறுத்தினால், சில நாட்களுக்குள் தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வு ஆகியவை வரலாம். உடலிலிருந்து நச்சு வெளியேறுகிறது என்று அதற்கு விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மருந்து சட்டென்று நின்றதால் வரும் விளைவு, அவ்வளவுதான். பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும் குளோனசெபாம், டயாசெபாம் போன்ற மாத்திரைகளைப் பல வாரங்கள் எடுத்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். மருந்தைக் குறைக்க விரும்பினால், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரின் மேற்பார்வையில், வாரக்கணக்கில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி ஊசிக்கு வருகிறேன். சீன மருத்துவம் பதற்றத்தை ஒரே நோயாகப் பார்ப்பதில்லை. 'சி' என்னும் உயிராற்றல் தடையின்றி ஓடுவதைக் கல்லீரல் கவனித்துக்கொள்கிறது என்றும், மனம் இதயத்தில் குடியிருக்கிறது என்றும் அது கருதுகிறது. ஆகவே எரிச்சலும் தொண்டையில் எதோ அடைத்தாற்போன்ற உணர்வும் உள்ளவருக்கு ஒரு வகையாகவும், படபடப்பும் கனவு நிறைந்த தூக்கமும் உள்ளவருக்கு வேறு வகையாகவும் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடங்களில் நாடி பார்த்து, நாக்கின் நிறத்தையும் படிவையும் கவனிப்பது இந்த வேறுபாட்டைக் கண்டறியத்தான். ஊசி தோலிலும் தசையிலும் உள்ள நரம்புகளைத் தூண்ட, மூளையில் வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருட்கள் சுரக்கின்றன என்பது நவீன அறிவியல் தரும் விளக்கம்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், நேர்மையான விடை நடுத்தரமானது. எந்தச் சிகிச்சையும் பெறாமல் காத்திருந்தவர்களைவிட ஊசி வைத்துக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்ததாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் போலி ஊசியோடு, அதாவது ஒப்பீட்டுக்காக உண்மைச் சிகிச்சைபோலவே நடித்துச் செய்வதோடு, ஒப்பிடும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. ஆய்வுகளில் பலவும் சிறியவை. பேச்சு வழியாகச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இதைவிட வலுவான சான்று இருக்கிறது. இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால், இப்போதைய சிகிச்சைக்குத் துணையாக அக்குபங்சர் செய்துபார்க்கத் தக்கதே என்பது என் கருத்து.

ஊசியைப் பற்றிய பயம் வேண்டாம். மருந்து செலுத்தும் சாதாரண ஊசியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 0.25 மில்லிமீட்டர்தான் இது இருக்கும். இறங்கும்போது சுருக்கென்று தெரியும். பிறகு அந்த இடம் கனத்து, மந்தமாக வலிப்பதுபோல் இருக்கும். இருபது முப்பது நிமிடங்கள் படுத்திருக்கும்போது பலர் உறங்கியே விடுகிறார்கள். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம் என்பதால், லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உறை பிரிக்காத, ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். தோள்மேட்டிலும் மார்பிலும் ஆழமாக இறங்கும் ஊசி, அரிதாக, நுரையீரலைத் துளைத்துவிடும். சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரும், கர்ப்பிணியும், பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டு முறைக்கும் முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள். வாரம் ஒன்று அல்லது இரண்டு என ஆறு முதல் எட்டு முறை போதும், அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். அதற்கு ஞாபகத்தை நம்பாமல், விழித்த நேரத்தையும் படபடப்பு வந்த தடவைகளையும் அன்றாடம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோலில் பதற்றம் 0 முதல் 21 வரை மதிப்பிடப்படுகிறது. தொடங்குமுன் ஒருமுறையும், எட்டாவது முறை ஊசி வைத்த பின் ஒருமுறையும் அதைப் போட்டுப் பாருங்கள்.

கஷாயத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? மூலிகையும் மருந்துதான். பதற்றத்துக்கு அடிக்கடி தரப்படும் சியாவ் யாவ் சான், சோங் அரசமரபுக் காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ள கலவை. அதில் சேரும் அதிமதுரம், தொடர்ந்து உட்கொண்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். உங்களுக்கு அது நேர் எதிரி. அதே கலவையிலுள்ள தாங் குயி என்ற வேர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். மனத்தை அமைதிப்படுத்தும் பழைய சீன மாத்திரைகள் சிலவற்றில் சாதிலிங்கம், அதாவது பாதரசச் சேர்மம், உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்க என்று தரப்பட்ட சீன மூலிகைக் கலவையில் அரிஸ்டோலோக்கியா என்ற தாவரம் தவறுதலாகச் சேர்ந்துவிட, அதை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. உட்பொருட்களின் பட்டியலைத் தாவரவியல் பெயர்களோடு எழுதித்தராத எவரிடமிருந்தும் பொடியோ கஷாயமோ வாங்காதீர்கள்.

படபடப்புக்குத் தைராய்டு மிகைப்பாடு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இவற்றுக்கான பரிசோதனைகளை இதுவரை செய்யவில்லை என்றால், ஊசிக்கு முன் அவற்றைச் செய்துவிடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அன்றே மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று மணி விழிப்புக்கு நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். இரண்டு தசைநாண்கள் புடைத்துத் தெரியும். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நெய்குவான் என்ற புள்ளி. மறு கையின் கட்டைவிரலால் அதை அழுத்தி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி, ஒவ்வொரு கையிலும் இரண்டு நிமிடம் இருங்கள்.